பாதியில் நின்ற சிமினி

ரங்கூனுக்கு வந்து ஆறு மாதமாகியும் ஹாஜராவுக்கு அந்தக் கூடத்தில் நிலையாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் சன்னல்வரை போய்ச் சாத்திய கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். கீழே தெருவில் ஒரு குடை போகும், ஒரு தலைப்பாகை போகும். அதற்குமேல் அந்த இடுக்கு எதையும் காட்டாது.

வீடு ரங்கூனின் பசுந்தாங் பகுதியில், ஓடைக்குப் பக்கத்துத் தெருவில், பழைய கல் கட்டடம் ஒன்றின் மாடி. முன்பு அங்கே ஓர் அரிசி மில்லின் இன்ஜினியர் குடியிருந்தான், ஸ்காட்லாந்துக்காரன். வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஊரில் அவன் கூடத்துச் சுவரை உடைத்துக் குளிர்காய ஒரு கணப்படுப்பு கட்டிவைத்திருந்தான். அதில் ஒருநாளும் விறகு எரிந்ததில்லை என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். அடுப்பின் இரண்டு பக்கமும் தேக்கில் இழைத்த தூண்கள், அவற்றின் மேலே ஒரு முழ அகலத்துக்குப் பலகை, எல்லாவற்றுக்கும் கன்னங்கரிய வர்ணம். துரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். அடுப்பு மட்டும் வாயைத் திறந்துகொண்டு அங்கேயே இருந்தது. வீட்டில் அதைச் சிமினி என்றார்கள்.

ஹாஜராவின் கணவன் ரஹ்மத்துல்லா மொகல் தெருவில் இரும்புச் சாமானும் வர்ணமும் விற்கும் கடை வைத்திருந்தான். பதினாறு வயதில் காயல்பட்டணத்திலிருந்து கப்பலேறியவன். கல்யாணத்துக்கு ஊர் வந்தான், திரும்பிப் போனான், இடையில் இரண்டு முறை வந்தான். இப்போதுதான் வீடு பிடித்து மனைவியை அழைத்துக்கொண்டிருந்தான். காலையில் கடைக்குப் போனால் அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை முடித்துத்தான் வருவான். வேலைக்கு த்வாண்டே ஊர் பர்மாக்காரி மா கின் வருவாள். அவளே தண்ணீர் பிடிப்பாள், மீன் வாங்கி வருவாள், பாத்திரம் கழுவுவாள். பல தமிழ் வீடுகளில் வேலை பார்த்தவள் என்பதால் அவளுக்குத் தமிழும் வரும். ஹாஜராவுக்குச் சமையலைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டு பேர் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம்தான் சமைப்பது?

காயல்பட்டணத்திலும் அவள் தெருவில் நடந்தவள் அல்ல. ஆனால் அங்கே வீடுகளின் பின்னால் முடுக்குகள் உண்டு; பெண்களுக்கென்றே விடப்பட்ட சந்துகள், ஆண்கள் நுழைவதில்லை. முடுக்கு வழியாகப் போனால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகலாம். கல்யாண வீடு, பிள்ளை பெற்ற வீடு, சண்டை நடக்கிற வீடு எல்லாவற்றையும் ஹாஜரா அப்படித்தான் எட்டிப் பார்த்து வளர்ந்தாள். தான் அடைபட்டிருப்பதாக அவளுக்கு அங்கே தோன்றியதே இல்லை. ரங்கூனில் முடுக்கு கிடையாது. மாடிப்படி இறங்கினால் நேரே தெரு.

1924ஆம் வருஷ மழை பிடித்துக்கொண்டபோது கூடம் பகலிலேயே இருண்டது. ஒருநாள் சாப்பாட்டின்போது ஹாஜரா கேட்டாள்.

"மச்சான், இந்தச் சிமினிக்கு வெள்ளை அடிச்சா என்ன?"

"எரியாத அடுப்புக்கு வெள்ளை எதுக்கு?"

"கூடமே இருட்டடிச்சுக் கெடக்குது."

"பெயிண்டர் வந்தா ரெண்டு மூணு நாள் இங்கதான் நிப்பான். அதுவரைக்கும் நீ அடுக்களைக்குள்ள அடைஞ்சு கெடக்கணும். முடியுமா?"

"பெயிண்டர் வேணாம். நானே அடிக்கிறேன்."

ரஹ்மத்துல்லா சிரித்தான். அவள் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தான். ஆனாலும் மறுநாள் மா கின் கையில் ஒரு டின் வெள்ளை வர்ணமும் பிரஷும் கொடுத்தனுப்பினான்.

முதல் தடவை எல்லாம் கெட்டுப்போயிற்று. கறுப்பின் மேலேயே நேராகப் பூசினாள். எண்ணெய்ப் பிசுக்கில் வெள்ளை நிற்காமல் வழிந்து, தூண்களில் கண்ணீர் கண்ணீராக இறங்கியது. கறுப்பு அடியிலிருந்து அழுக்காகத் தெரிந்தது. மா கின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹாஜராவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஆறு மாதமாக இல்லாத தெம்பு இருந்தது. அன்றைக்கே மா கின்னைக் கடைக்கு அனுப்பி, கடையாளிடம் என்ன செய்வது என்று கேட்டுவரச் சொன்னாள். சோடாக்காரம் கரைத்துப் பழைய வர்ணத்தை ஊறவைத்துச் சுரண்ட வேண்டும், காய்ந்தபின் உப்புத்தாள் போட வேண்டும், பள்ளங்களில் மக்கு வைக்க வேண்டும், முதல் பூச்சைத் தண்ணீர்போல நீர்க்கப் பூச வேண்டும் என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் செய்தாள். விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்தன. மழை ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் காய நாள்கணக்காயிற்று. காயும்வரை பொறுமை இல்லாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஓரிடத்தில் விரல் ரேகை விழுந்து, அதை மறுபடியும் தேய்த்தாள்.

முடிந்தபோது கூடம் வேறு கூடமாக இருந்தது. சன்னல் இடுக்கில் வரும் கொஞ்ச வெளிச்சமும் சிமினியில் பட்டு அறைக்குள் திரும்பியது. ரஹ்மத்துல்லா அன்று வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்தான்.

"நம்ம கடைச் சரக்கு இவ்வளவு நல்லா இருக்குமா?" என்றான். அவன் பாராட்டுவது அப்படித்தான்.

இரண்டு நாள் ஹாஜரா நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பரீதா வந்தாள். அவளும் காயல்பட்டணத்துக்காரி, ஹாஜராவின் உம்மாவுக்குத் தெரிந்த குடும்பம்; ஹாஜராவுக்கு லாத்தா, அக்கா முறை. அவளுடைய மூத்த அண்ணன் மொகுதூம் பெரிய அரிசி வியாபாரி. சில மாதமாக வயிற்றில் கட்டி வந்து படுத்திருந்தவர் போன மாதம் இறந்துபோனார். பரீதா துணி மூடிய கோச்சு வண்டியில் வந்து இறங்கி, தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சிமினியையே பார்த்தாள்.

"இதை யார் அடிச்சது?"

"நான்தான் லாத்தா."

பரீதா நம்பவில்லை. ஹாஜரா விரல்களைக் காட்டினாள். அதன்பின் பரீதா தன் அண்ணன் மனைவி சைதாவைப் பற்றிச் சொன்னாள்.

சைதா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. ஏரிப் பக்கத்தில் ஒரு துரையிடமிருந்து மொகுதூம் வாங்கிய பங்களாவில், அவர் படுத்திருந்த அறையிலேயே அவள் இருந்தாள். வேறு அறைக்கு மாற்றலாம் என்றால், மற்ற அறைகளுக்கெல்லாம் ஆண்கள் வந்துபோகும் முன்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அறையிலும் ஒரு சிமினி. கட்டிலுக்கு நேர் எதிரே. மருந்துப் பாட்டில்களையெல்லாம் அதன் பலகையில்தான் வைத்திருந்தார்கள்.

"பாட்டில் வச்ச எடமெல்லாம் வட்டம் வட்டமாத் தழும்பு. மருந்து சிந்திச் சிந்தி மரம் வெந்து கெடக்குது. அவ ராவும் பகலும் அதையே பார்த்துக்கிட்டிருக்கா. சோறு எறங்கல. துணியைப் போட்டு மூடினோம், அந்த வாடை போகல. ஆம்பளை ஆளை உள்ள விட முடியாது. நீ வந்து அடிச்சுத் தர்றியா?"

ஹாஜரா உடனே வருகிறேன் என்றாள். சொன்ன பிறகுதான் கணவன் ஞாபகம் வந்தது.

அன்று மாலை அவனிடம், "சைதா லாத்தாவைத் துக்கம் விசாரிச்சுட்டு வரட்டா?" என்று கேட்டாள். தாராளமாகப் போய் வா, இவ்வளவு நாள் போகாததே தப்பு என்றான். வர்ணம் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சன்னல்களுக்கு அடிக்கப் போகிறாள் என்று மா கின் மூலம் கடைக்குச் சொல்லி, வேண்டிய சாமான்களை வரவழைத்துக்கொண்டாள்.

பரீதா அனுப்பிய வண்டியில் சாமான்களோடு ஏறினாள். கதவுப் பலகைகளை இழுத்து மூடியிருந்தாலும் ஊர் காதில் விழுந்தது. டிராம் தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்குவது, எவனோ வெற்றிலை விற்பது, மில் சங்கு. வழி முழுக்க அவள் காலடியில் டின்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

சைதாவுக்கு முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலையில், நகை எதுவும் இல்லாமல் இருந்தாள். ஹாஜரா எதிர்பார்த்ததுபோல அவள் படுத்துக் கிடக்கவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஹாஜரா ஸலாம் சொல்லிவிட்டுத் துக்கம் கேட்க வாயெடுத்தபோது அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எல்லாரும் கேட்டாச்சு. நீ வேலையைப் பாரு."

ஹாஜரா சோடாக்காரத்தைக் கரைத்து இடது தூணில் பூசினாள். சுரண்ட ஆரம்பித்தபோது சைதா நடப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தகட்டை எடுத்து அவளும் சுரண்டினாள். வேண்டாம், கை வெந்துவிடும் என்றதற்கு, வேகட்டும் என்றாள்.  பழைய வர்ணம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. பகல் சாப்பாடு வந்தபோது சைதா கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து தட்டிலிருந்ததைத் தின்று முடித்தாள். பரீதா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் திரும்பிப் போனாள்.

"வெள்ளைதானே லாத்தா அடிக்கிறது?" என்று ஹாஜரா கேட்டாள்.

சைதா தன் சேலையைக் காட்டினாள். "வெள்ளை போதும். உடம்புல வெள்ளை, படுக்கையில வெள்ளை, அவரை மூடினதும் வெள்ளை. பச்சை அடி. வாழைக்குருத்து இருக்கும்ல, அந்தப் பச்சை."

இத்தாவில் இருக்கிறவள் அறைக்குப் பச்சையா என்று ஹாஜராவுக்குத் தயக்கம் வந்தது. ஆனால் கேட்டவள் முகத்தைப் பார்த்தபின் கேள்வி எழவில்லை. அடுத்த நாள் கணவன் கடைக்குப் போனபின் மஞ்சள் பொடியும் நீலப் பொடியும் எடுத்துவந்தாள். வெள்ளையில் கலந்து கலந்து, பலகைத் துண்டில் பூசிப் பூசி இருவரும் பார்த்தார்கள். ஒன்று பாசி நிறமாகப் போயிற்று, ஒன்று மருந்து நிறமாக. சைதா இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றைப் பார்த்து, "இதுதான்" என்றாள்.

இடது தூணுக்குப் பச்சை ஏறியது. வலது தூணைச் சுரண்டி முடித்திருந்தார்கள். மேல்பலகையில் கைவைக்கப் போகும்போதுதான் கதவுக்கு வெளியே ஆண் குரல் கேட்டது.

அது கமால், மொகுதூமின் தம்பி. அண்ணனுக்குப் பிறகு வியாபாரத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவன். சுரண்டும் சத்தம் என்ன என்று கேட்டான். பரீதா உள்ளிருந்தே ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"மையித்து எடுத்து ரெண்டு மாசம் ஆகல. அந்த அறைக்கு அலங்காரமா? யாரு அந்தப் பொம்பளை? வண்டிக்காரன் சொன்ன ரஹ்மத்துல்லா பொண்டாட்டியா? அவருக்கு இது தெரியுமா?"

 கதவைத் திறக்க அவனால் முடியாது. ஆனால் அவன் குரல் நின்ற இடத்திலேயே நின்றது. ஹாஜரா பிரஷைத் துணியில் துடைத்தாள்.

"போயிட்டு வாறேன் லாத்தா," என்றாள்.

சைதா மறுபடியும் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அன்று ரஹ்மத்துல்லா அஸர் தொழுகை முடிந்ததும், இருட்டுமுன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் முன்னால் கமால் அவனைப் பிடித்துக் கேட்டிருக்கிறான். ரஹ்மத்துல்லா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"துக்கம் கேக்கப் போறேன்னு சொன்னே," என்றான்.

"சொன்னேன்."

"சன்னலுக்குன்னு சாமான் வாங்கினே."

"பொய் சொன்னது என் தப்பு. வர்ணம் அடிச்சது தப்பில்ல மச்சான்."

"எது தப்பு, எது தப்பில்லன்னு நீ முடிவு பண்ணாதே. என் பொண்டாட்டி பிரஷைத் தூக்கிட்டு வீடு வீடாப் போறான்னு ஊரு பேசுது. இனிமே அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

அவன் குரலை உயர்த்தவில்லை. ஹாஜராவும் அழவில்லை. சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை அவன் போனதும் ஹாஜரா மிச்சமிருந்த வெள்ளையில் நீலப் பொடியைக் கலந்தாள். தன் கூடத்துச் சிமினியை, அவ்வளவு பாடுபட்டு வெள்ளையாக்கிய அதை, நீலமாக்கினாள். சாயங்காலம் அவன் வந்து பார்த்தான்.  நீலம் காய்வதற்குள் அதன்மேல் மஞ்சள் அடித்தாள். மஞ்சள் அழுக்கேறித் தவளை நிறத்தில் வந்தது. அடுத்து, கடையிலிருந்து மா கின் கொண்டுவந்த, கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் காவிச் சிவப்பு. அது கெட்ட வேலை என்று அவளுக்கே தெரியும். ஈரத்தின்மேல் ஈரம் ஏறி, தோல் சுருங்கி, ஓரங்களில் வர்ணம் தொங்கியது. வீடு முழுக்க டர்பன்டைன் வாடை. சோற்றிலும் அந்த வாடை அடித்தது. ரஹ்மத்துல்லா தினமும் வாசலிலிருந்து ஒரு பார்வை பார்ப்பான், கை கால் கழுவுவான், முதுகைச் சிமினிக்குக் காட்டிக்கொண்டு சாப்பிடுவான்.

"ஏன்மா நல்லதைக் கெடுக்கிறே?" என்று மா கின் கேட்டாள்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

வீட்டில் வர்ணம் தீர்ந்தது. அதற்குள் தன் கடையிலிருந்து இனி எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ரஹ்மத்துல்லா சொல்லிவைத்திருந்தான். மா கின் யோசிக்கவே இல்லை. அதே தெருவில் எதிர்ச் சாரியில் இருந்த கடையில் கேட்டு ஒரு டின் சாம்பல் நிறம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எதிர்க்கடைக்காரன் அன்று பகலே ரஹ்மத்துல்லாவிடம், "என்ன தம்பி, உங்க வீட்டுக்கே உங்க சரக்கு பிடிக்கலையா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவன் முதுகைக் காட்டவில்லை. சிமினிக்கு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்தான். பாதி சிவப்பு, பாதி சாம்பல்.

"ஒனக்கு என்ன குறை இங்க?" என்றான். அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. பதில் தெரியாமல் கேட்டான். "குழாயில தண்ணி வருது. வேலைக்கு ஆள் இருக்கு. எங்க உம்மா கெணத்துல தண்ணி எறைச்சே கூன் விழுந்தவ. நீ அப்படி ஆகக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிட்டேன்."

"மச்சான், நீங்க ரங்கூனுக்கு வந்தப்போ முதல்ல என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணினேன். நடந்தேன். ஊரை நடந்தே பார்த்தேன்."

"நான் கப்பல்லேருந்து எறங்கின அன்னைக்குப் பார்த்ததுதான். வண்டி ஏறுற வரைக்கும். அதுக்கப்புறம் இந்த நாலு சுவரு. நம்ம ஊர்லயும் நான் தெருவுக்குப் போகல. ஆனா முடுக்கு இருந்துச்சு. இங்க எனக்கு முடுக்கு எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் பிரஷைக் கீழ வச்சிடுறேன்."

அவன் யோசித்தான். அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்த முடுக்குகளில் போனவன்தான். மீசை அரும்பிய பின் அவனை விடவில்லை. அதற்குப் பிறகு அங்கே பெண்கள் போகிறார்களா, வருகிறார்களா என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அந்த வீட்டுல வேலை எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டான்.

"ஒரு தூணு பச்சை. ஒரு தூணு சுரண்டினபடி நிக்குது. பலகையைத் தொடவே இல்ல."

"அப்படியேவா விட்டுட்டு வந்தே?" என்றான்.

"நானா விட்டேன்?"

அவள் கையை இழுத்துப் பார்த்தான். சோடாக்காரத்தில் வெந்த விரல்களில் பழைய தோலும் புதுத் தோலும் திட்டுத் திட்டாக இருந்தன. தேங்காய் எண்ணெய் போடவில்லையா என்று கேட்டான். போட்டேன் என்றாள்.

மறுநாள் அவன் கடைக்குப் போகுமுன் பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பையைப் போய்ப் பார்த்தான். இத்தாவில் இருக்கிற பெண் தன் உடம்பை அலங்கரித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் சட்டம். அவள் இருக்கிற அறையைச் சுத்தம் செய்யவோ வர்ணம் பூசவோ தடை எதுவும் தான் படித்ததில் இல்லை என்று லெப்பை சொன்னார். ரஹ்மத்துல்லா கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றான்.

"கிளம்பு. நானும் வாறேன்."

பங்களாவில் கமால் முன்கூடத்தில் இருந்தான். ஹாஜரா பின்பக்கமாகச் சைதாவின் அறைக்குப் போனாள். சைதா மெலிந்திருந்தாள். இருவரும் கதவோரம் நின்றார்கள். முன்கூடத்துப் பேச்சு அங்கே தெளிவாகக் கேட்டது.

ரஹ்மத்துல்லா லெப்பை சொன்னதைச் சொன்னான். வீட்டுக்குத் தெரியாமல் நடந்தது தப்புத்தான், அதற்குத் தானும் வருந்துவதாகச் சொன்னான். 

"சட்டத்துக்காக நான் சொல்லல," என்றான் கமால். அண்ணனை, தன் காக்காவை, நினைத்ததும் அவன் குரல் வேறாகிவிட்டது. "அந்தப் பலகையில இருக்கிற தழும்பெல்லாம் காக்காவுக்கு நான் எடுத்துக் கொடுத்த மருந்து. கை நடுங்கும் அவருக்கு. நான்தான் பாட்டிலை எடுப்பேன், வைப்பேன். அவரு துணியெல்லாம் கொடுத்தாச்சு. செருப்பைக்கூடக் கொடுத்தாச்சு. இதையும் சுரண்டிட்டா, அவரு இங்க படுத்துக் கெடந்ததுக்கு என்ன மிச்சம்?"

ஹாஜரா சைதாவைப் பார்த்தாள். சைதா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும், கமாலின் மனதில் இப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் கதவில் கையை வைத்தாள்.

"தம்பி," என்றாள்.

வெளியே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மயினி."

"ஒங்களுக்கு அது அவரு ஞாபகம். எனக்கு அவரு பட்ட வேதனை. அதைப் பார்த்துக்கிட்டு என்னால மூச்சு விட முடியல. அந்தப் பலகையைச் சுரண்ட வேணாம். கழட்டி நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. ஒங்க அறையில வச்சுக்கோங்க. இங்க வேற பலகை போட்டுக்கிறோம்."

முன்கூடத்தில் கமால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி மயினி," என்றான்.

தச்சன் உள்ளே வர முடியாது. பலகையைப் பெண்களே கழற்ற வேண்டியிருந்தது. ரஹ்மத்துல்லா கடையிலிருந்து திருப்புளியும் கடப்பாறையும் வரவழைத்தான். மரம் பிளக்காமல் எங்கே நெம்ப வேண்டும் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தான். ஹாஜரா திருகாணிகளைக் கழற்றினாள், சில துருப்பிடித்து வர மறுத்தன. பரீதா ஒரு பக்கமும் சைதா ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். பலகை ஒரு முனகலோடு சுவரைவிட்டு வந்தது. பின்னால் வருஷக்கணக்கான தூசியும் செத்த பல்லிகளும் கொட்டின. மூவரும் இருமினார்கள். இருமலுக்கு நடுவே பரீதாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதை அடக்கப் பார்க்க, சைதாவுக்கும் வந்துவிட்டது. துக்க வீடு என்று ஞாபகம் வந்து இருவரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

பலகையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்தார்கள். கமால் அதைத் தூக்கிக்கொண்டு போகும் காலடி ஓசை கேட்டது. வழியில் எங்கும் இடிக்காமல், மெதுவாகப் போனான்.

புதுப் பலகை போட்டுப் பச்சை முழுக்க முடிய மழைக்காலத்தின் பெரும்பகுதி ஆயிற்று. ஹாஜரா அவசரப்படவில்லை. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயும்வரை விட்டாள். காய்கிற நாட்களிலும் வந்து சைதாவோடு உட்கார்ந்திருந்தாள். சில நாள் சைதா மொகுதூமைப் பற்றிப் பேசுவாள். நல்லவர், ஆனால் தன்னை ஒருநாளும் வெளியே கூட்டிப் போனதில்லை என்று ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே அழுதாள். சில நாள் எதுவும் பேசாமல் நடந்துகொண்டிருப்பாள். அந்த நாட்களில் ஹாஜரா உப்புத்தாளை எடுத்து அவள் கையில் கொடுப்பாள்.

அந்த அறையைப் பார்த்துவிட்டுப் போன பெண்கள் மூலமாக இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து ஆள் வந்தது. ஒரு வீட்டில் பிள்ளை பெற்ற அறை, இன்னொன்றில் கண் தெரியாத ஒரு மாமியின் அறை. வெளி ஆண் நுழைய முடியாத இடங்கள். ரஹ்மத்துல்லா முதலில் முகம் சுளித்தான். பள்ளிவாசலில் யாராவது ஏதாவது சொன்னால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருப்பான். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவனுக்கு உள்ளே என்ன ஓடியது என்று ஹாஜராவுக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

சைதாவின் இத்தா முடிந்தபோது மழை நின்றிருந்தது. வீட்டில் பாத்திஹா ஓதிச் சோறு போட்டார்கள். பெண்களெல்லாம் கலைந்த பிறகு சைதா வெள்ளையை மாற்றி, கரை போட்ட ஒரு சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ஹாஜராவுக்காகக் கோச்சு வண்டி நின்றது. ஹாஜரா ஏறியதும், யாரையும் கேட்காமல் சைதாவும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஏறினாள். பரீதா ஓடி வந்து, எங்கே, எங்கே என்று கேட்டபடியே தானும் ஏறிவிட்டாள். முன்கூடத்துக் கதவில் நின்ற கமால் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தடுக்கவில்லை.

வண்டிக்காரன் முன்னாலிருந்து, பசுந்தாங்குக்குத்தானே என்று கேட்டான்.

"இப்ப வேணாம்," என்றாள் சைதா. "ஏரியைச் சுத்திப் போ."

கதவுப் பலகைகள் மூடியே இருந்தன. ஹாஜரா தன் பக்கத்துப் பலகையை ஒரு விரற்கடை நகர்த்தினாள். தண்ணீரும் மரங்களும் துண்டு துண்டாக ஓடின. சைதா குனிந்து அந்த இடைவெளியில் கண்ணை வைத்தாள். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியதும் வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்தான்.

"இன்னொரு சுத்து," என்றாள் சைதா.